சத்தம் சரியாகத்தான் இருந்தது

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அம்மா. சொன்னாள் என்பதைவிடக் குத்திக்காட்டினாள் என்பதே பொருந்தும். நான் வீட்டுச் சாதனங்களுக்குக் கையேடு எழுதுகிறவள். மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் பரணில் போடுவீர்களே, அது என்னைப் போன்ற ஒருத்தி எழுதியது.

"கண்ட மிக்ஸிக்கெல்லாம் எழுதறே. பெத்த அப்பனுக்கு நாலு பக்கம் எழுத வராதா?" என்றாள்.

"என்னன்னு எழுதச் சொல்றே?"

"சிரமப்படாமப் போனாருன்னு எழுது."

சிக்கல் அங்கேதான். அப்பா சிரமப்படாமல் போனாரா என்பது அம்மாவுக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அம்மாவுக்கு அது தெரிந்தாக வேண்டும். அவர் போனதிலிருந்து அவள் அந்த அறையில் படுப்பதில்லை. கூடத்து சோபாவில், கால் நீட்ட இடமில்லாமல் சுருண்டு கிடக்கிறாள்.

ஆரம்பித்துப் பார்த்தவை:

அப்பா இறந்த அன்று மழை [மழை பெய்யவில்லை. துக்கம் என்றதும் கை தானாக மழையைக் கூப்பிடுகிறது.]

ஒரு மனிதன் எப்படி இறக்கிறான் என்பதை [இது கட்டுரை.]

மூச்சு என்பது [வேண்டாம்.]

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று பொறுமையாகச் சொல்வேன். ஆகவே பொருளிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அப்பாவின் கட்டிலை ஒட்டி ஆக்சிஜன் மெஷின் நின்றது. இடுப்பு உயரம், அடியில் சக்கரம். அதற்குள் ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. நாம் எல்லோரும் இழுக்கும் இதே அறைக் காற்றைத்தான் அதுவும் இழுக்கிறது. உள்ளே இரண்டு உருளைகள். இரண்டிலும் கடுகைப் போன்ற மணிகள். காற்றை அழுத்தி முதல் உருளைக்குள் தள்ளினால் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை விட்டுவிடும். பிடித்துப் பிடித்து மணிகள் நிறைந்துபோவதற்குள் ஒரு வால்வு திரும்பி, காற்றை இரண்டாவது உருளைக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் முதல் உருளை பிடித்து வைத்ததையெல்லாம் வெளியே கக்கிவிடும். பிறகு மறுபடி அதன் முறை.

வால்வு திரும்பும்போது ஒரு 'டொக்'. கக்கும்போது ஓர் 'உஸ்ஸ்'. டொக், உஸ்ஸ். டொக், உஸ்ஸ். எங்கள் வீடு பல மாதம் இந்தத் தாளத்தில்தான் சமைத்தது, குளித்தது, சண்டை போட்டது.

எனக்கு இந்த மெஷின் பிடித்திருந்தது. அப்பா செத்துக்கொண்டிருக்கும் அறையில் ஒரு பொருளைப் பார்த்து வியப்பது சரியா என்று கேட்காதீர்கள். அப்பாவும் வியந்தார். அதைப் 'பார்ட்னர்' என்று கூப்பிட்டார்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும்.* கரண்ட் போனால் மெஷின் கத்தும். குழாய் மடங்கினால் கத்தும். மூக்குக் குழாயின் அந்த முனையில் இருப்பவர் மூச்சை நிறுத்தினால் கத்தாது. அது பாட்டுக்குக் காற்றை அனுப்பிக்கொண்டிருக்கும்.

* கையேட்டில் இதை 'எச்சரிக்கை' என்று கட்டம் கட்டிப் போடுவோம். கதையில் கட்டம் கட்ட முடியவில்லை.

3

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் அவருக்குப் பெயர் 'காது'. மற்றவர்கள் மூடியைக் கழற்றிப் பார்ப்பார்கள். அவர் மூடிய கதவில் காதை வைத்து நிற்பார். கயிறு உரசுகிறதா, பிரேக் தேய்ந்ததா என்பது அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். வீட்டிலும் அதே பாடம்தான். ஃபேன் ஓடினால், குக்கர் கொதித்தால், அண்ணன் பைக்கை உதைத்தால், "சத்தம் சரியா இருக்கா? அப்ப எல்லாம் சரியா இருக்கு. போய் வேலையைப் பாரு" என்பார்.

நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். மற்ற வீடுகளில் எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் காது கொடுப்போம்.

அப்பாவுக்கு வந்தது நுரையீரல் நார் கட்டிக் கெட்டியாகிக்கொண்டே போகும் நோய். பஞ்சு மெல்ல மெல்ல மரப்பட்டையாவது போல என்றார் டாக்டர். ஒரு கட்டத்தில், "இனிமே வீட்லயே வெச்சுக்கங்க. இங்க நாங்க செய்யறது எதுவும் அவருக்கு உதவாது" என்றார். அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும் எங்களிடம், "பழைய வண்டிக்குப் பார்ட்ஸ் கிடைக்கலைங்கறான். அதைச் சொல்றதுக்கு எவ்வளவு சுத்தறான் பாரு" என்று சொல்லிவிட்டு, அந்த இரண்டு வாக்கியத்துக்கு மூச்சுவாங்க நின்றார்.

குரல் எழாமல் போன பிறகு அவர் கையில் ஒரு சின்ன ஸ்பேனரைக் கொடுத்தோம். கட்டில் இரும்புக் கட்டில். ஏதாவது வேண்டுமென்றால் சட்டத்தில் 'டிங்' என்று தட்டுவார்.

"எந்திரிச்சு நடக்கும்போதுகூட இவ்வளவு அதிகாரம் பண்ணலையே மனுஷன்" என்று அம்மா சலித்துக்கொள்வாள். சலித்துக்கொண்டே ஓடுவாள்.

4

அன்று பிற்பகல். அம்மாவும் அண்ணனும் நானும் சமையலறையில் இருந்தோம். அறைக்கும் சமையலறைக்கும் இடையில் ஒரு சுவர்தான். டொக், உஸ்ஸ்.

அண்ணன் எதற்கோ அந்த லிஃப்ட் கதையை எடுத்தான். அப்பா சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஒரு கட்டடத்தில் கணவனும் மனைவியும் மாதக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். அப்பா போய்க் கதவில் காதை வைத்தால் உள்ளே பேச்சுக் குரல். சத்தமில்லாமல் படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். வாட்ச்மேன் ஓடி வந்து, "என்னய்யா, உள்ள ஆளு மாட்டியிருக்கு, நீ தின்னுட்டிருக்கே?" என்றான். "கத்தாதே. உள்ள ரிப்பேர் நடக்குது" என்றார் அப்பா.

"அப்ப உள்ளேருந்து அந்தம்மா கத்தினாங்க..." என்றான் அண்ணன்.

"அந்தம்மா இல்லடா, அந்த ஆளு!" அம்மா கரண்டியை நீட்டிக் குறுக்கிட்டாள். கழுத்தை ஒடித்து, மூக்கால் ஓர் ஆண்குரல் எடுத்தாள். "ஐயோ, யாராவது சீக்கிரம் திறங்களேன்! இவ எங்க கல்யாணத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கா!"

நாங்கள் சிரித்தோம். மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு. அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மெல்ல, மெல்ல, தூங்கறாரு" என்றாள்.

டொக், உஸ்ஸ்.

அதன் பிறகு அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். மூக்குக் குழாய் சரியாக இருந்தது. மெஷினின் தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. சத்தம் சரியாகத்தான் இருந்தது. அப்பா இல்லை.

மெஷினை அணைத்தவன் அண்ணன். அந்த அமைதி எங்கள் காதில் அறைந்தது.

5

எப்போது போனார்? இதற்கு என்னிடம் சில முடிவுகள் இருக்கின்றன.

முடிவு அ: நாங்கள் சிரிக்கத் தொடங்கும் முன்பே போய்விட்டார். தூக்கத்தில். அப்படியானால் எங்கள் சிரிப்பு அவரை எட்டவில்லை. அம்மா கேட்டது இந்த முடிவைத்தான்.

முடிவு ஆ: சிரிப்பைக் கேட்டார். அவருடைய கதைக்கு அவர் வீட்டார் சிரிக்கிறார்கள் என்று கேட்டபடியே போனார். [எழுதும்போது கை இனித்தது. இனிப்பதாலேயே நம்ப முடியவில்லை. நுரையீரல் அப்படி மரியாதையாக விடைபெறும் உறுப்பு இல்லை.]

முடிவு இ:

மெஷினை அணைத்த பிறகு அண்ணன் கட்டிலோரம் குனிந்து

[இந்த வாக்கியத்தை இங்கே நிறுத்தினேன். உங்களிடம் முடிக்கிறேன்: குனிந்து, தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாடிப்படியில் என்னைத் தனியே நிறுத்திச் சொன்னான்: "கீழ கிடந்துச்சு. தட்டியிருப்பாரு. நாம இளிச்சிட்டிருந்தோம். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், கேட்டியா?" ஆகவே அம்மாவுக்குக் கொடுக்கும் பிரதியில் முடிவு இ இருக்காது.]

6

அப்படியே கொடுத்தேன். முடிவு இ இல்லாத பிரதி. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காய்கறிக்காரரின் தராசைப் பார்ப்பது போலப் படித்தாள். லிஃப்ட் கதை வந்த இடத்தில், "என் குரல் இவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றாள். முடித்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"மூணாவதுல ஸ்பேனரைக் கொண்டுவந்தியே. அப்புறம் அது எங்க போச்சு?"

"விட்டுப்போச்சும்மா."

"விட்டுப்போச்சா? நீயா? மிக்ஸி மூடிக்குள்ள இருக்கற ரப்பரைக்கூட விடாம எழுதறவ."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னைக்குக் காலையில விரிப்பு மாத்தினேன். முதுகுக்கு அடியில உறுத்துமேன்னு ஸ்பேனரை எடுத்துக் கட்டிலோர ஸ்டூல் மேல வெச்சேன். திரும்ப அவரு கையில கொடுக்கல. மறந்தே போயிட்டேன்டி. நாம சிரிக்கும்போது அவருக்குக் கையில ஒண்ணுமே இல்ல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "உன் அண்ணன் அதைச் சட்டைப் பையில போட்டதைப் பார்த்தேன். எங்கேருந்து எடுத்தான்னு பார்க்கல. ஸ்டூல் மேலேருந்துதானே?"

பாருங்கள், எப்படி வந்து நிற்கிறது. அவர் தட்டியதை யாரும் கேட்கவில்லை என்று அண்ணன் சுமக்கிறான். தட்ட அவரிடம் எதுவும் இல்லை என்று அம்மா சுமக்கிறாள். அம்மா வைத்தது ஸ்டூலில். அண்ணன் எடுத்தது தரையில். இந்த இரண்டையும் இதுவரை வேறு வேறு வாக்கியங்களில்தான் வைத்திருந்தேன். ஒன்றாகச் சேர்த்தால் நடுவில் ஸ்டூலை நோக்கி அப்பாவின் கை நீள்கிறது.

"ஸ்டூல் மேலேருந்துதான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கீழ கிடந்துச்சும்மா" என்றான் அண்ணன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. வாசற்படியில் ஒரு கால் செருப்போடு நின்றிருந்தான்.

7

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும். தாளின் ஓரத்தை மடக்கினாள், நீவினாள், மறுபடி மடக்கினாள்.

எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். விளக்கினேன்.

"அம்மா, மெஷின் ஸ்டூலை ஒட்டித்தானே நிக்கும்? வால்வு திரும்பும்போதெல்லாம் அது ஒரு உதறு உதறும். அந்த உதறல் ஸ்டூலுக்கும் போகும். மேல இருக்கறது கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு நகரும். மாத்திரை அட்டை எத்தனை தடவை விழுந்திருக்கு? 'பார்ட்னர் தள்ளிவிடறான்'னு அப்பாவே சொல்வாரே?"

"மாத்திரை அட்டை காத்துக்கே பறக்கும்" என்றான் அண்ணன். "இது இரும்பு."

"இரும்புன்னா? வழுவழு ஸ்டூல் அது. உதறல் போதும்."

"போதுமா போதாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. கையேடு எழுதுமுன் ஒரு சாதனத்தை ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரியும் எழுத மாட்டேன். இதை மட்டும் ஓட்டிப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதை எப்ப வந்து எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள் அம்மா. மெஷின் வாடகைக்கு எடுத்தது.

"சாயங்காலம்."

"அப்ப போட்டுப் பாரு."

அம்மா அந்த அறைக்குள் போனாள். அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அண்ணன் மெஷினை உருட்டிப் பழைய இடத்தில் ஸ்டூலை ஒட்டி நிறுத்தினான். தரையில் சக்கரத்தின் தடம் இன்னும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். இத்தனை நாளும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறான். அம்மா அதை வாங்கி ஸ்டூலில் வைத்தாள். கையை எடுத்தாள். யோசித்தாள். விரலால் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினாள். "இங்கதான்னு நினைக்கிறேன்" என்றாள்.

[இந்த 'நினைக்கிறேன்' சோதனையைக் கெடுக்கிறது. ஸ்பேனர் விழுந்தாலும் எதையும் நிரூபிக்காது, விழாவிட்டாலும் நிரூபிக்காது. எனக்கு இது தெரியும். சொல்லவில்லை.]

சுவிட்சை அம்மாவே போட்டாள்.

டொக்.

உஸ்ஸ்.

அண்ணனின் தோள் தானாகத் தளர்ந்ததைப் பார்த்தேன். என்னுடையதும்தான். எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வேலையைப் பார் என்று உடம்பு சொல்கிறது. மூக்குக் குழாய் வெறும் விரிப்பின் மேல் கிடந்து காற்று விடுகிறது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்பேனர் ஸ்டூலின் ஓரத்தில் இருக்கிறது. அது நகர்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். எங்கள் மூன்று பேர் கண்களும் கட்டிலின் மேல் இருக்கின்றன.