பல்லி வாய் திறக்காத கோயில்

“ஒதுங்கு புள்ள, ஜேசிபி வந்து நிக்குது.”

“நிக்கட்டுமுங்க மாமா. கத்தியே ஏறாத காட்டுல இரும்புப் பல்லக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறீங்களே, உங்களுக்கே இது நல்லாருக்குதா?”

“என்ற புள்ள கலியாணத்துக்கு மண்டபம் வேண்டாமா?”

“ஏனுங்க, உங்க கலியாணம் எந்த மண்டபத்துல நடந்துச்சு?”

பெரியசாமிக்கும் சௌந்திரத்துக்கும் நடந்த இந்த உபசாரம், பரமத்தி வேலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டவர்களும் உண்டு.

பெரியசாமி ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். பூமிக்கு மேலே முளைத்ததெல்லாம் அவருக்கு இடைஞ்சல்தான். மகள் தேவிப்ரியாவுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் கருப்பணார் கோயில் காட்டில் பாதியை வழித்து ஒரு மண்டபம் எழுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதம்.

சௌந்திரம் காட்டை ஒட்டிய வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சொந்தக்காரி. பெரியசாமி அவளுக்கு மாமன் முறை. அவள் வயதுக்காரிகள் எல்லாம் தலைக்குச் சாயம் பூச, அவள் முடி மட்டும் கருகருவென்று இடுப்பில் புரளும். காட்டு உசிலை உதிர்க்கும் இலையைப் பொறுக்கி இடித்த அரப்பைத் தேய்ப்பதால் என்பாள். நம்பியவர்கள் பாதிப் பேர். சளி கட்டிய குழந்தையை யார் தூக்கி வந்தாலும், கோயில் சுவரில் படர்ந்த வேலிப்பருத்தியில் இலை கிள்ளிச் சாறு பிழிந்து தருவாள். கத்தி படக் கூடாது, பச்சைக் கிளை ஒடிக்கக் கூடாது, வேண்டியதற்கு மேல் ஓர் இலை கூடாது. காட்டின் சட்டம் அது. அந்தக் காடு போனால் தன்னில் பாதி போச்சு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சண்டை போட்டதோடு சரி.

இன்னொரு சட்டமும் இருந்தது. காட்டில் எதைத் தொடுவதென்றாலும் பங்காளிகள் கோயிலுக்குள் கூடி உட்கார வேண்டும். சாமிக்கு வலப்பக்கச் சுவரில் பல்லி சொன்னால் உத்தரவு. பங்காளிகளில் ஒருவரான பெரியசாமி அதைப் பிடித்துக்கொண்டார். அமாவாசையன்று பல்லி சொல்லட்டும், அப்புறம் எவளும் குறுக்கே நிற்கக் கூடாது என்று ஜேசிபியைத் திருப்பி அனுப்பினார்.

உத்தரவு கிடைத்துவிடும் என்று சௌந்திரத்துக்குத் தெரியும். அந்தக் கோயில் பல்லிகள் சரியான வாயாடிகள். கேட்டதற்கும் சொல்லும், கேட்காததற்கும் சொல்லும். அவளோ பங்காளி இல்லை. உள்ளே உட்கார இடம் கிடையாது.

பெரியசாமி சும்மா இருந்திருந்தால் மண்டபம் எழும்பியிருக்கும். ஆனால் சாமி மனம் குளிர வேண்டுமே என்று கோயிலை அழகுபடுத்தக் கிளம்பினார். வேலிப்பருத்தியை வேரோடு உரித்தார். காரை உதிர்ந்த சுவருக்கு வழுவழுவென்று டைல்ஸ் ஒட்டினார். குளவி இருக்கிறதென்று மூலை முடுக்கெல்லாம் மருந்தடித்தார். கொடியைப் பிடுங்கிய அன்று சௌந்திரம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குத்தான் ஓடினாள். போனவள், சுவரை விட்டு வரிசையாக உசிலை மரத்துக்கு நடையைக் கட்டிய பல்லிகளைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மறுநாள் வேலையாட்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு மேலுக்குச் சரியில்லையோ என்று ஊரே விசாரித்தது.

அமாவாசையன்று பங்காளிகள் காலையில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி இறங்கியது. சுவர் பளபளத்தது, சத்தமில்லை. அடுத்த அமாவாசைக்கும் அதே கதை. பூசாரி கந்தவேல் தன் வீட்டுப் பல்லி ஒன்றைத் துணியில் பிடித்து வந்து சுவரில் விட்டுப் பார்த்தார். அது மருந்து வாடை பொறுக்காமல் வாசல் வழியே காட்டுக்குள் ஓடியது. காட்டிலிருந்து மட்டும் ‘ச்சு ச்சு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அது கணக்கில் வராது.

அன்று சாயங்காலம் பெரியசாமி கொடிக்காலுக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தார்.

“ஏம்புள்ள, பல்லி எப்பத் திரும்பி வரும்?”

“கொடி ஏறுனா பூச்சி வருமுங்க. பூச்சி வந்தா பல்லி வரும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“என்னிக்காவது நான் சொல்லி நீங்க கேட்டிருக்கறீங்களா மாமா?”

அவர் சிரித்துவிட்டார். தன் சிரிப்பை மறைக்கச் சௌந்திரம் ஒரு கவுளி வெற்றிலை கிள்ளிக் கொடுத்தாள்.

வேலிப்பருத்தி விதையை அவளே ஊன்றினாள். தண்ணீர் ஊற்றியது பெரியசாமி. உத்தரவு வாங்கத்தான் வளர்க்கிறேன் என்று கேட்டவரிடமெல்லாம் சொன்னார். கொடி டைல்ஸை மூடிப் பல்லிகள் வாயாட ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது. இன்றுவரை அவர் பங்காளிகளைக் கூட்டவில்லை.

தேவிப்ரியாவின் கல்யாணம் அந்தத் தையிலேயே காட்டு முகப்பில், உசிலை நிழலில் நடந்தது. இரும்பு உள்ளே வரக் கூடாதென்பதால் காயெல்லாம் சௌந்திரம் வீட்டு வாசலில் அரிந்து போனது. முகூர்த்த நேரத்தில் பல்லி சொன்னதாகச் சிலர் சத்தியம் செய்கிறார்கள். மாப்பிள்ளை கவினுக்கு அஸ்தம்பட்டியில் சொந்த வீடு. தேவிப்ரியா அங்கே போகும்போது சௌந்திரம் கொடுத்த அரப்பையும் வேலிப்பருத்தி விதையையும் எடுத்துப் போனாள். கொடி இப்போது மாடி வரை ஏறிவிட்டதாம். கவினுக்குப் பல்லி என்றால் பயமாம், பாவம்.