முத்திரை இல்லாத சாட்சி

"எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை" என்று தன் வக்கீல் சௌந்தரராஜன் சொன்னதும், பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

எதற்கு ஆட்சேபணை இல்லை? யாரைக் கேட்டுச் சொன்னார்?

அன்று மேல்கோர்ட்டில் அப்பீல் விசாரணை. கீழ்க்கோர்ட்டிலிருந்து வழக்குக் கட்டு வந்து சேரவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டும் 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்றுதான் பதில். அந்த நேரம் பார்த்து எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். சாட்சிகள் சொன்னதையெல்லாம் தாங்களே நகல் எடுத்து வைத்திருப்பதாகவும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் அதை வைத்து இன்றைக்கே முடித்துவிடலாம் என்றும் குழைந்தார். கோடை விடுமுறைக்கு நாலே நாள். ஜட்ஜ் சௌந்தரராஜனைப் பார்த்தார். சௌந்தரராஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மூன்று மணி ரயிலைப் பிடிக்க வேண்டும்.

வழக்கு ஒரு மண்வீட்டைப் பற்றியது. தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்துக்கு வெளியே, சுரங்கக் கம்பெனியின் எல்லைக்கல்லைத் தாண்டி நிற்கும் வீடு. ரத்தினம்மாவின் புருஷன் ராஜப்பா ஷிப்ட் முடிந்து வந்து, மண் குழைத்துக் கட்டியது. கூடவே நின்று சுவர் எழுப்பியவன் பக்கத்து வீட்டுச் சகாயம். பிளேக் வந்த வருஷம் ராஜப்பா போய்ச் சேர்ந்தான். பிறகு அந்தப் பக்கம் சுரங்கத்துக்குள் இறங்கும் புது ஷாப்ட் தோண்ட ஆரம்பித்தார்கள். சுரங்கத்துக்கு ஆள் பிடித்துத் தரும் பெருமாள் மேஸ்திரிக்கு அந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. தன் கூலிகளுக்கு அங்கே வரிசை வீடு போடலாமே! 'வீட்டைக் கட்டியவன் நான், ராஜப்பா என் தயவில் குடியிருந்தவன்' என்று வழக்குப் போட்டான். கீழ்க்கோர்ட்டில் சகாயம் கூண்டிலேறி உள்ளதைச் சொன்னான். முன்சீப் நம்பினார். மேஸ்திரி தோற்றான்; அப்பீலுக்குப் போனான்.

அப்பீல் போட்ட மூன்றாம் மாதம், சுரங்கத்தில் பாறை சரிந்து சகாயம் செத்தான். இனி அவன் கூண்டிலேற முடியாது. அவன் சொன்னதெல்லாம் அந்தக் கட்டுக்குள் இருக்கும் காகிதத்தில்தான் இருந்தது. ரத்தினம்மாவின் கூரையும் அந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றது.

எதிர்த்தரப்பு வக்கீல் நகலைப் புரட்டிக் கோர்ட் மொழியான கன்னடத்தில் படித்தார்.

"மூன்றாம் சாட்சி சகாயம். 'சுவர் வேலை செய்தது உண்மை. யாருக்காகக் கட்டியது என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி மண் அனுப்பியதாகக் கேள்வி.'"

ரத்தினம்மாவுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அவள் எழுந்தே விட்டாள்.

"பொய்யி சாமி! அவன் அப்படிச் சொல்லவே இல்ல!"

டவாலிச் சேவகன் அதட்டினான். சௌந்தரராஜன் ஓடி வந்து பல்லைக் கடித்தார். "இந்தாம்மா, இது கோர்ட்டு. உட்காரு. நான் பார்த்துக்கிறேன்."

"இன்னாத்த பார்த்துக்கினீங்க வக்கீலய்யா? அந்தக் காகிதத்தத் தொட்டாச்சும் பார்த்தீங்களா? செத்துப்போனவன் வாயில இன்னொருத்தன் வார்த்தைய வெக்கிறான், நீங்க ஆட்சேபணை இல்லன்றீங்க!"

முன்வரிசையில் பெருமாள் மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினான். "ரயில்வே ஸ்டேஷன்ல சண்டை போடற மாதிரி கத்துது பாரு. இதுக்கு எழுதப் படிக்கவா தெரியும்!"

"எழுதப் படிக்கத் தெரியாது மேஸ்திரி. காது கேக்கும். சகாயம் சொன்னப்ப நான் அங்கதான் இருந்தேன், நீயும்தான் இருந்த."

ஜட்ஜ் மேசையைத் தட்டினார். அவர் முகத்தில் எரிச்சல். "உன் வக்கீல் ஒப்புக்கொண்ட பிறகு உனக்கு என்ன?"

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சகாயம் சொன்னதுக்கு அடியில இன்னா போட்டிருக்குது, படிக்கச் சொல்லுங்க."

அந்தக் கீழ்க்கோர்ட் முன்சீப்புக்கு ஒரு பழக்கம்: சாட்சி சொன்னதைப் படித்துக் காட்டி, சாட்சியையும் அடியில் ஒப்பம் வைக்கச் சொல்வார். மேல்கோர்ட் குமாஸ்தா நகலை வாங்கிப் பார்த்தார். "சகாயம், கீறல்."

"கீறலா?" ரத்தினம்மாவின் குரல் உடைந்தது. அழுகையில் அல்ல, ஆத்திரத்தில். "சாமி, சுரங்கத்துல எறங்கற ஒவ்வொருத்தனுக்கும் கம்பெனி ஒரு பித்தளை பில்லை குடுக்கும், நம்பர் போட்டு. அது இல்லாம கீழ எறக்கற கேஜ்ல ஏத்த மாட்டான். சகாயத்துக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா அவன் நம்பரு நானூத்திப் பதினேழு, அத மட்டும் பார்த்துப் பார்த்து வரையக் கத்துக்கினான். அன்னிக்கிக் குமாஸ்தா கீறல் போடுன்னாரு. 'கீறல எவன் வேணா போடுவான், இது என்னுது'ன்னு சொல்லி நானூத்திப் பதினேழு வரைஞ்சான். கோர்ட்டே சிரிச்சிது. முன்சீப்பு கூடச் சிரிச்சிட்டு, சரின்னாரு. அது எங்க சாமி?"

மேஸ்திரியின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. அவனுடைய ஆஜர்ப் புத்தகத்தில் முந்நூறு கூலிகளுக்கும் முந்நூறு கீறல். எழுத்தறியாதவன் என்றால் கீறல் என்பதைத் தவிர வேறு எதுவும் அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஜட்ஜ் நகலைக் கேட்டு வாங்கினார். முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்புறமும் பார்த்தார்.

"கோர்ட் முத்திரை எங்கே? அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று எவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்?"

"என் குமாஸ்தா எடுத்த நகல். நம்பகமானவர்..." என்று இழுத்தார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"உம்முடைய குமாஸ்தா சொல்வதை வைத்தா நான் தீர்ப்பு எழுதுவது?" ஜட்ஜ் காகிதத்தைத் தள்ளினார். "கட்டு வர வேண்டும், அல்லது அந்தக் கோர்ட்டே முத்திரை வைத்த நகல் வர வேண்டும். விடுமுறை கழிந்து முதல் வாரம்." பிறகு சௌந்தரராஜனைப் பார்த்து, "அடுத்த முறை படித்துவிட்டு ஒப்புக்கொள்ளும்" என்றார்.

சௌந்தரராஜன் அன்று மூன்று மணி ரயிலைத் தவறவிட்டார்.

ரத்தினம்மா மறுநாளே கீழ்க்கோர்ட்டுக்குப் போனாள். ரெக்கார்டு அறைக் குமாஸ்தா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கட்டு கிடைக்கலம்மா. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

"வெளிய குந்திக்கினு இருக்கேன். தேடுங்க."

"எத்தினி நாளு குந்துவீங்க?"

"நீங்க எத்தினி நாளு தேடுவீங்களோ அத்தினி நாளு. இங்க எழவு விழுந்த வூட்டுல மாதிரி தெனமும் வந்து குந்துவேன், போறவன் வர்றவன் கேப்பான், சொல்லுவேன்."

கேட்டார்கள், சொன்னாள். வக்கீல்கள் கேட்டார்கள், கட்சிக்காரர்கள் கேட்டார்கள். நாலாம் நாள் முன்சீப்பே குதிரை வண்டியிலிருந்து இறங்கும்போது கேட்டார். அன்று மத்தியானமே கட்டு கிடைத்துவிட்டது. வேறொரு வழக்கின் துணியில் சுற்றி, அலமாரியின் அடித்தட்டில் கிடந்ததாம். தானாக நடந்து போய்ச் சுற்றிக்கொண்டதோ என்னவோ!

நகல் எழுதுபவர் பக்கம் பக்கமாக எழுதினார். இன்னொருவர் அசலைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டார். எழுதியவர் சகாயத்தின் சாட்சியத்தின் அடிக்கு வந்தபோது, 'சாட்சி வரைந்த எண்' என்று எழுதி, கோணலாக இருந்ததைக் கோணலாகவே வரைந்தார். தேதி, கையெழுத்து, முத்திரை.

விடுமுறை கழிந்து மேல்கோர்ட்டில் இரண்டு நகல்களும் மேசையில் கிடந்தன. ஒன்றில் 'யாருக்காகக் கட்டியது என்று எனக்குத் தெரியாது.' முத்திரையுள்ளதில், 'ராஜப்பாவும் நானும் அவன் வீட்டுக்குச் சுவர் வைத்தோம். மேஸ்திரி ஒரு கூடை மண் போடவில்லை.'

எதிர்த்தரப்பு வக்கீல் தொண்டையைச் செருமினார். "நகலெடுத்ததில் சிறிய கைப்பிசகு..."

"கைப்பிசகா?" இந்த முறை ரத்தினம்மாவை யாரும் உட்காரச் சொல்லவில்லை. "ஒரு கூடை மண்ணு கூடப் போடலன்னவன் வாயில மண்ணு அனுப்புனான்னு வந்துச்சே, அது கைப்பிசகா? அது திருட்டு சாமி!"

அப்பீல் தள்ளுபடி. பொய் நகலுக்குப் பதில் சொல்ல மேஸ்திரிக்குத் தனியாக நோட்டீஸ். அவன் யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

வராந்தாவில் சௌந்தரராஜன், "ஜெயிச்சிட்டோம் ரத்தினம்மா" என்றார்.

"நான் ஜெயிச்சேன் வக்கீலய்யா" என்றாள் அவள். "நகல எங்கிட்ட குடுங்க."

மாரிகுப்பத்தில் இறங்கியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சகாயத்தின் மனைவி ஜெயசீலியிடம் போய், காகிதத்தைப் பிரித்து அந்த எண்ணைக் காட்டினாள். ஜெயசீலி அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினாள்.

"அவரு செத்த மூணாம் நாளே பில்லைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கக்கா. 'நானூத்திப் பதினேழு'ன்னு கூப்புட்டா இப்ப யாரோ ஒருத்தன் 'எஸ் சார்'ன்றான்."

"இத எவனுக்கும் குடுக்க முடியாதுடி" என்றாள் ரத்தினம்மா. "இதுல முத்திர கீது."