தையல்காரர் இழுத்த கேம் செயின்

நாலு மணிக்கு மச்சான் வேனோடு வந்துவிடுவான். அதற்குள் இன்ஜின் சத்தம் அடங்காவிட்டால் மோட்டார் சைக்கிள் அவனோடு போகவேண்டியதுதான். தையல்காரரின் மனைவி ஒற்றைக் காலில் நின்று வாங்கிய வாக்கு அது. அவரும் ஏதோ வீராப்பில் சரியென்று சொல்லித் தொலைத்திருந்தார்.

வண்டிக்கு நாற்பத்திரண்டு வயது, அவரைவிட மூன்றே வயது இளையது. ஆறு மாதமாக அதன் வயிற்றுக்குள் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே வருவதுபோல ஒரு சலசலப்பு. கேம் செயின்தான் என்று புத்தகம் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். இன்ஜினுக்குள் கீழே சுற்றும் தண்டையும் மேலே சுற்றும் தண்டையும் இணைக்கிற சங்கிலி அது. ஓடி ஓடித் தொய்ந்திருந்தது. அந்தத் தொய்வை வாங்கிக்கொள்ள சிலிண்டரின் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் ஒன்று உண்டு. இன்ஜினின் பக்கவாட்டு நட்டில் ஸ்பேனரை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றி அதிலுள்ள குறியில் நிறுத்தி, டென்ஷனரின் போல்ட்டைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கே சங்கிலியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு போல்ட்டை முடுக்கிவிட்டால் ஆயிற்று. பத்து நிமிட வேலை.

காலையிலிருந்து அதை மூன்று முறை செய்துவிட்டார். சத்தம் இம்மியும் குறையவில்லை.

கடை வாசலில், பின்சக்கரத்தை ஒட்டித் தையல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். விடுமுறை நாளிலும் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. சட்டையில் ஒரு தையல் பிசகினால் முழுக் கையையும் பிரித்துத் தைக்கிற மனிதர்தான். ஆனால் வண்டி விஷயத்தில் தன்மேல் தப்பு இருக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது. பழியையெல்லாம் ஸ்பிரிங்கின் மேல் போட்டார்.

“ஸ்பிரிங் செத்துப்போச்சு. மச்சானை அடுத்த வாரம் வரச்சொல்லு,” என்றார், டீ கொண்டுவந்த மனைவியிடம்.

“அந்தக் கதையெல்லாம் வேண்டாம். எங்க, இன்னொரு தடவை செய்ங்க, பாக்கறேன்.”

வேண்டாவெறுப்பாக நட்டில் ஸ்பேனரை மாட்டித் தன் பக்கமாக இழுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏங்க, எந்தப் பக்கம் சுத்தறீங்க?”

“என் பக்கம்தான். வேற எந்தப் பக்கம் சுத்துவாங்க?”

“தையல் மெஷினைத்தான் அப்படிச் சுத்துவாங்க. வண்டி எந்தப் பக்கம் சுத்தும்னு வண்டியையே கேளுங்க. கியரைப் போட்டு முன்னால தள்ளுங்க, நட்டை நான் பாக்கறேன்.”

தள்ளினார். நட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவர் முகத்தில் அசடு வழிந்தது. இருபத்தைந்து வருடமாக மெஷின் சக்கரத்தைத் தன் பக்கமாகவே இழுத்த கை, அவரைக் கேட்காமலே இன்ஜினையும் பின்னோக்கிச் சுற்றியிருக்கிறது. சங்கிலியின் தொய்வெல்லாம் முன்பக்கம் போய்விட, பின்பக்க ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தது.

இந்த முறை ஓடுகிற திசையிலேயே சுற்றினார். போல்ட்டைத் தளர்த்தியதும் உள்ளே ‘டக்’ என்று மெல்லிய சத்தம். முடுக்கி, கழற்றிவைத்திருந்த பிளக்கை மாட்டி, கிக்கரை உதைத்தார். இன்ஜின் பெட்டிப்பாம்பாக அடங்கி ஓடியது. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சொன்ன நேரத்துக்குக் கயிறும் கையுமாக வந்து நின்றான் மச்சான்.

“தம்பி, கயித்தை வேன்லயே போட்டுட்டு வா. டீ குடிச்சிட்டுக் கிளம்பு,” என்றாள் அக்கா.

“ஏன்க்கா, நீதானே இந்தத் தகரத்தைக் கண்காணாம கொண்டுபோன்னு உயிரை எடுத்தே?”

“சத்தம்தான்டா வேண்டாம்னேன். கடையில ரெண்டு மெஷின் ஓடும், வீட்டுக்குப் போனா இவர் படுத்த உடனே குறட்டை. இவர்கிட்ட நான் பேசறதே இந்த வண்டியில போற கால்மணி நேரம்தான். ஆறு மாசமா நான் என்ன சொன்னாலும் தலையைத் தலையை ஆட்டறார். ஒண்ணும் காதுல விழலைன்னு எனக்குத் தெரியாதா?”

இன்ஜினுக்குள் என்ன சத்தம் என்று ஆறு மாதம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது.

மச்சான் போனதும் கடையைப் பூட்டிக் கிளம்பினார்கள். தெருமுனை தாண்டியதும் அவள் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தாள். பிறகு அவர் தோளைத் தட்டினாள்.

“கேக்குதா?”

“கேக்குது.”

“அப்ப முதல்லேர்ந்து சொல்றேன்.”

வீட்டுக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. அவர் திரும்பாமல் நேராகவே போனார்.