கட்டைக்கு எந்தப் பக்கம்

பொன்னையாவின் காலில் காய்ந்து வெடித்திருந்த வாய்க்கால் சேற்றைக் கழுவியபோது கூட இருந்தவர்கள்: தண்ணீர் ஊற்றிய மகள் சிவலட்சுமி, தலைமாட்டில் சுருண்டு கிடந்த மனைவி மீனம்மா, கொள்ளி வைக்க மல்லாவியிலிருந்து காலை பஸ்ஸில் வந்த அண்ணன் மகன் பரமேஸ்வரன், எதிர்வீட்டு ஏரம்பு, கமக்காரர் சங்கத் தலைவர் அப்புத்துரை. மற்றவர்கள் வேலியோரம் நின்று சுருட்டுப் பிடித்தார்கள். கதிரைகள் அப்புத்துரை அனுப்பியவை. கை வைத்த ஒன்றில் அவரே உட்கார்ந்திருந்தார்.

விதைப்புக்கு முன் வாய்க்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் என்பது சங்கத்தின் சட்டம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவு நீளம். எல்லையில் கட்டை அடித்திருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருந்த அப்புத்துரைக்கும் ஒரு பங்கு. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஒரு மூட்டையோடு ஓடிவந்து, அரச காணியில் குடிசை போட்ட பொன்னையாவுக்கும் ஒரு பங்கு. வெட்டாத வீட்டுக்காக, அரசு நிலம் பிரித்துக் கொடுக்கும் காணிக் கச்சேரியில் தலைவர் வாய் திறக்கமாட்டார். அவர் வாய் திறக்காவிட்டால் காணி கிடைக்காது.

ஏரம்பு தொண்டையைச் செருமினார்.

"தலைவர், ஒண்டு கேக்கிறன். உங்கட அவ்வளவு வயலுக்கும் ஒரு ஆள். ஒரு சிரட்டை மண் இல்லாதவனுக்கும் ஒரு ஆள். இது என்ன வரி?"

"செத்த வீட்டில இந்தக் கதையே?"

"செத்ததே இதாலதானே."

"வாய்க்கால் பொது, ஏரம்பு. அவையளும் அதிலதான் குளிக்கினம்."

"குளிக்கிறதுக்கும் வெட்ட வேணுமெண்டா எருமை மாட்டுக்கும் ஒரு பங்கு குடுங்கோவன்."

வேலியோரம் ஒருவன் சிரித்துவிட்டு, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

அப்புத்துரை கோபப்படவில்லை. "நான் காடு வெட்டி, பாம்புக்குள்ள கிடந்து உண்டாக்கின வயல். பாடுபட்டு முன்னுக்கு வந்ததுக்கு எனக்குத் தண்டமோ? அவனவன் பங்கை அவனவன் செய்ய வேணும். பொன்னையாவைப் பார். தன்ர பங்கில நிண்டு சீவனை விட்டவன். அவன் மனிசன்."

ஏரம்பு சிவலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, சாப்பாடு கொண்டுபோன நீதானே முதல்ல கண்டனீ. கொப்பர் கட்டைக்கு எந்தப் பக்கம் கிடந்தவர்? உங்கட பங்கிலையோ, தலைவற்ற பங்கிலையோ? எல்லாரும் நிக்கினம், சொல்லு. இண்டைக்கு மாறாட்டி இது ஒருநாளும் மாறாது."

அவள் கையிலிருந்த செம்பு நின்றது.

அப்பா தன் பங்கை முந்தாநாளே முடித்திருந்தார். அப்புத்துரை வீட்டுப் பங்கை வெட்ட வேண்டிய மகன் வவுனியாவில் இருந்தான். "அதையும் ஒருக்கா இழுத்துவிடு பொன்னையா, கச்சேரி வருகுதெல்லே" என்று தலைவர் சொல்லியிருந்தார். கூலி பற்றி அவரும் பேசவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. நேற்று மத்தியானம் அவர் கட்டைக்கு அந்தப் பக்கம் குப்புறக் கிடந்தார். மண்வெட்டிப் பிடியை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவள் தனியாக அவரை வாய்க்கால் கரையில் இழுத்துப் போட்டாள். குதிகால்கள் கிழித்த கோட்டைப் பின்னேர மழை கரைத்துவிட்டது.

மீனம்மாவின் ஒப்பாரி நின்றிருந்தது. அவள் மகளைப் பார்த்தாள். அப்புத்துரை யாரையும் பார்க்கவில்லை. கதிரைக் கையில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பங்குலதாங்க" என்றாள் சிவலட்சுமி.

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"நாந்தானேண்ணே தூக்குனேன். எனக்குத் தெரியாதா? எங்க பங்குலதான்."

வேலியோரம் நின்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"பறையைத் தொடங்கச் சொல்லுங்கோ, நேரம் போகுது" என்று அப்புத்துரை எழுந்தார். அவளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "கச்சேரியண்டைக்குக் கொம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை. நான் கதைக்கிறன்."

அவள் தலையாட்டினாள். மீனம்மா முன்னைவிடப் பெரிதாக அழத் தொடங்கினாள்.

பாடையின் முன்பக்கத்தை ஏரம்புதான் தோளில் வாங்கினார். பெண்கள் படலை வாசலோடு நின்றுவிட்டார்கள்.

வீடு கழுவி முடிய ஆண்கள் வாய்க்காலில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவரும் முற்றத்தில் கால் நனைத்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்கள். அப்புத்துரை இரண்டாம் முறையும் வாங்கினார். ஏரம்பு மட்டும் ஒழுங்கையின் மறுகரையோடு நடந்து தன் வீட்டுக்குப் போனார்.

சிவலட்சுமி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள்.

"அண்ணே, தேத்தண்ணி குடிக்காமப் போறீங்களே."

அவர் வாசற்படியில் நின்று வேட்டித் தலைப்பைப் பிழிந்தார்.

"கொம்மாவுக்குக் குடு பிள்ளை. காலமையில இருந்து அவா ஒண்டும் குடிக்கேல்லை."

"அண்ணே..."

"எனக்கு விடிய வேலை கிடக்கு. என்ர பங்கு இன்னும் முடியேல்லை."

உள்ளே போனார். மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் அந்த ஒழுங்கையில் யாரும் கதவு பூட்டுவதில்லை. பலகைக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. உள்ளே திறாங்குத் தாழ் விழுந்தது.