கயிற்று மாப்பிள்ளையும் இரட்டை எஞ்சினும்

கோயில் மணிக்கயிற்றைப் பிடித்துச் சொல்லச் சொன்னாலும் சரி, மூன்று சிரங்கை கடல்தண்ணீர் குடித்துச் சொல்லச் சொன்னாலும் சரி, இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. இருந்தால் சொன்ன வாய் கோணிப்போகட்டும்.

மயிலிட்டியில் செபநாயகம் சம்மாட்டிக்கு நாலு படகு, இரண்டு மகள்மார். மூத்தவள் மக்டலீனைக் கட்டிய நீக்கிலாப்பிள்ளைக்குச் சீதனமாக ஒரு படகும், இருபத்தைந்து குதிரை வலு எஞ்சின் ஒன்றும் கிடைத்தன. அது பெரிய சீதனம். பெட்டி உடைத்த அன்று ஊரே வந்து எஞ்சினைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு 1983 தை மாதம் இளையவள் ஸ்ரெல்லாவைச் சூசைதாசன் கட்டினான். அவனுக்கும் ஒரு படகுதான். ஆனால் அதன் பின்னால் பதினைந்து குதிரையில் இரண்டு எஞ்சின், சோடியாக, மினுமினுவென்று.

கலியாணப் பந்தியிலேயே சூசைதாசன் தொடங்கினான்.

“நடுக்கடலிலை உங்கடை எஞ்சின் நிண்டா என்ன அண்ணை செய்வியள்? எனக்கெண்டா மற்றது கிடக்கு.”

“ரண்டும் ஒரு தாங்கியிலைதானே தம்பி குடிக்குது? எண்ணெயிலை தண்ணி கலந்தா ரண்டும் சேர்ந்து நிக்கும். படகுக்குப் பின்பாரமும் கூடிப்போகும்.”

“ஒற்றை எஞ்சினிலை போறது ஒற்றைக்காலிலை கோயிலுக்குப் போற மாதிரி. நான் செத்தாலும் அப்பிடிப் போகமாட்டன்!”

பந்தி முழுக்கச் சிரித்தது. மாமனார் செபநாயகமும் சிரித்தார். நீக்கிலாப்பிள்ளை பாதிச் சோற்றில் கைகழுவ எழுந்தார்.

மாசி மாதம் அவருடைய எஞ்சின் பிளக் கரிபிடித்து, துறைக்கு எதிரே நின்றுபோனது. யார் வந்தது? சூசைதாசன்தான். கயிற்றை எறிந்து, கட்டி, இழுத்தான். நேரே கரைக்கு இழுத்திருந்தால் புண்ணியம். துறையை மூன்று தரம் சுற்றி இழுத்தான். “பெரிய மீன் ஒண்டு பிடிபட்டிட்டுது! ஏலம் கூற வாருங்கோ!” என்று கத்தினான். மீன் கூறுகிற இடத்தில் நின்ற பெண்கள் ஓலைக் கடகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவர் பெயர் ‘கயித்து மாப்பிள்ளை’. நீக்கிலாப்பிள்ளை என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நற்கருணை கொடுக்கும்போது சுவாமியாரின் வாயிலும் அந்தப் பெயர் பாதி வந்து திரும்பிப் போனது.

அந்தப் பெயரைக் கழுவாமல் சாவதில்லை என்று அவர் முடிவெடுத்தார். இழுத்த கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார்.

“இஞ்சாருங்கோ, கன்னத்திலை கயித்து முறுக்குப் பதிஞ்சுபோச்சு,” என்றாள் மக்டலீன்.

“கிடக்கட்டும். மறவாமல் இருக்கும்.”

வைகாசியில் கோயில் பெருநாள் வந்தது. பெருநாளன்று படகோட்டப் போட்டி. காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்வரை போய்த் திரும்பவேண்டும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் சூசைதாசனின் இடப்பக்க எஞ்சின் கல்லில் அடிபட்டு, தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் ஓரம் உடைந்தது. அந்தச் செய்தி வந்த அன்றே நீக்கிலாப்பிள்ளை கொக்குவிலுக்கு பஸ் ஏறினார். அங்கே பட்டறை வைத்திருந்த ஏரம்புவிடம், பித்தளையில் ஒரு விசிறி வார்க்கச் சொன்னார். ஆனால் முறுக்கு மறுபக்கம் இருக்கவேண்டும்.

“அது முன்னாலை தள்ளாது ஐயா, பின்னாலை இழுக்கும்,” என்றார் ஏரம்பு.

“சங்கிலை வலம்புரி, இடம்புரி எண்டு இருக்கல்லோ? எனக்கு மற்றப்புரி வேணும்.”

பெருநாள் காலை, பூசை முடிந்து சனம் கடற்கரைக்கு வந்தபோது, நீக்கிலாப்பிள்ளை அந்த விசிறியை வெள்ளைத் துண்டில் ஏந்திக்கொண்டு போனார். “தம்பி, பழசை மறப்பம்,” என்றார். மாமனாரின் கண் கலங்கியது. ஊருக்கு முன்னால் கொடுத்ததை வாங்காமல் விட ஏலுமா? சூசைதாசன் அங்கேயே பூட்டினான். பித்தளை வெயிலில் தகதகத்தது.

வெடி போட்டார்கள். படகுகள் பாய்ந்தன. சூசைதாசனின் படகும் பாய்ந்தது, தன்னைச் சுற்றி. வலப்பக்க எஞ்சின் முன்னால் தள்ள, இடப்பக்க எஞ்சின் பின்னால் இழுக்க, நின்ற இடத்திலேயே சுழன்றது.

“ஒண்டை நிப்பாட்டடா!” என்று கரை கத்தியது.

“ஒற்றையிலை வாறதுக்கு நான் என்ன கயித்து மாப்பிள்ளையோ?” என்று சுழன்றபடியே அவன் கத்தினான்.

ஒன்றை நிறுத்தினால் பந்தியில் சொன்ன சொல் போய்விடும். இரண்டையும் நிறுத்தினால் கயிறு வரும். ஆகவே சுழன்றான்.

நீக்கிலாப்பிள்ளை அலைதாங்கிவரை போய், முதலாவதாகத் திரும்பி, பரிசு வாழைக்குலையைக்கூட வாங்காமல், அவனுக்கு இருபது பாகத் தூரம் தள்ளி நங்கூரம் போட்டார். மடியில் கயிறு.

முதல் நாள் கடல் அந்த இடத்தில் கிண்ணம்போலக் குழிந்தது. இரண்டாம் நாள் சூரை மீனும் பாரை மீனும் தலைசுற்றிக் கரையில் வந்து விழ, பெண்கள் கடகத்தால் அள்ளினார்கள். காங்கேசன்துறை சீமெந்து ஆலைப் புகை வடம்போல முறுக்கிக்கொண்டு நின்றது. வெளிச்சவீட்டுக்காரர் மூன்று தரம் வாந்தி எடுத்தார். சூசைதாசனின் மீசையில் ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு விரல் நீண்டுவிட்டது.

எண்ணெய் தீரவில்லையா என்று கேட்கலாம். தீரத்தான் பார்த்தது. நீக்கிலாப்பிள்ளை நீண்ட கம்பில் மண்ணெண்ணெய்க் கலனைக் கொளுவி, சுழலுகிற படகுக்கு நீட்டிக்கொண்டே இருந்தார்.

“உமக்கென்ன விசரோ மருமோன்?” என்று மாமனார் கரையிலிருந்து கேட்டார்.

“எண்ணெய் முடிஞ்சு நிண்டா அது கடவுள் செய்ததாப் போயிடும் மாமா. நான் செய்ததா இருக்கவேணும்.”

ஸ்ரெல்லா இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். “அத்தான், என்ரை மனிசனை விடுங்கோ!”

“நான் பிடிச்சு வைச்சிருக்கேல்லைப் பிள்ளை. அவர்தான் சுத்துறார்.”

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குச் சூசைதாசனின் குரல் வந்தது. “அண்ணை… கயிறு…”

“கேக்கேல்லைத் தம்பி. எஞ்சின் சத்தம்.”

அவன் ஒன்றை நிறுத்தினான். மற்றதையும் நிறுத்தினான். கடல் ஓய்ந்தது. “கயிறு தாங்கோ அண்ணை.”

“ஆருக்குத் தம்பி கயிறு?”

“எனக்குத்தான்.”

“நீர் ஆர்?”

சூசைதாசன் கரையைப் பார்த்தான். கரை முழுக்க ஆள். “கயித்து மாப்பிள்ளை,” என்றான்.

நீக்கிலாப்பிள்ளை மாசி மாதத்துக் கயிற்றை எறிந்தார். ஒற்றை எஞ்சினால் துறையை மூன்று தரம் சுற்றி இழுத்தார். கத்தவில்லை, சிரிக்கவுமில்லை. கரையிறங்கியபோது சுவாமியாரே முன்னால் வந்து, “வாரும் நீக்கிலாப்பிள்ளை,” என்றார். அன்றிரவு அவர் தலையணையில் தலைவைத்துப் படுத்தார். சூசைதாசனோ சாகும்வரை நேரே நடக்கவில்லை. கோயிலுக்குப் போனாலும் இடப்பக்கமாகச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தான்.

பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தின்படி செபநாயகம் சம்மாட்டிக்கு ஒரே ஒரு மகள்தான். அவளும் பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள்.