பாடம் நடத்தச் சாகவில்லை

எம்.பி.ஏ. படித்தால் நாலு பேரை மேய்க்கும் நாற்காலி. நிதியியலில் முதுகலை படித்தால் பத்திரங்களோடும் கணக்கோடும் மல்லுக்கட்டு. காப்பீட்டு நிறுவனத்தில் கடன் பத்திரங்களுக்கு மதிப்புப் போடும் வேலையிலிருந்த அவளுக்கு இரண்டாவதன் மேல்தான் கண். ஆனால் கணவன் இறந்த பிறகு அவள் எதிர்காலத்தின் மீது வீட்டில் ஆளாளுக்கு உரிமை வந்துவிட்டிருந்தது.

கொழுந்தன் எம்.பி.ஏ. கட்சி. நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஆளையும் அவனே பிடித்துவந்தான். வாழ்க்கையில் சந்தித்த பெரிய பின்னடைவு எது என்று கட்டாயம் கேட்பார்களாம். கணவனின் மரணத்தைச் சொல்லி, மீண்டு வந்த கதையையும் சேர்த்தால் இடம் நிச்சயமாம். கண் கலங்கலாம், அழக்கூடாதாம். எங்கே நிறுத்தி மூச்சுவிட வேண்டும் என்றுகூடப் பயிற்சியாளர் சொல்லித்தந்தார். கொழுந்தன் தலையாட்டிக்கொண்டிருந்தான். செத்தது அவனுக்கும் அண்ணன்தான்.

நேர்முகத்தில் அதே கேள்வி வந்தது. பத்திரத்தை வெளியிட்ட நிறுவனம் விரும்பினால் கெடுவுக்கு முன்பே பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம் என்ற நிபந்தனையைக் கவனிக்காமல் ஒரு பத்திரத்துக்குக் கூடுதல் மதிப்புப் போட்டு, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவள் சொன்னாள்.

நடுவில் இருந்த பேராசிரியருக்கு அது போதவில்லை. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கணவரின் இழப்பு என்ன கற்றுக்கொடுத்தது என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் கத்துக்கொடுக்கலை சார். எனக்குப் பாடம் நடத்தறதுக்காக அவர் சாகலை."

அவர் விண்ணப்பத்தை மூடிவைத்தார். காரியம் கெட்டது என்று நிம்மதியாக வீடு திரும்பினாள்.

கெடவில்லை. இடம் கிடைத்துவிட்டது. அந்தப் பதிலில் தலைமைப் பண்பு தெரிந்ததாம். கல்லூரிக்குள் விசாரித்துவிட்டுக் கொழுந்தன் பூரித்துப்போய் வந்தான்.

"சொல்லித்தந்ததை விடப் பிரமாதமா நடிச்சிட்டீங்க அண்ணி."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து, இடம் வேண்டாம் என்று அவன் கண்ணெதிரிலேயே எழுதி அனுப்பினாள். முதுகலைக்கு வெறும் கணக்குத் தேர்வு; அங்கே கதை கேட்க ஆள் கிடையாது.

கையில் வந்ததை இப்படித் தட்டிவிடலாமா, அந்தத் தேர்வில் தேறாவிட்டால் என்ன கதி என்று அவன் பதறினான்.

"ஃபெயிலாவேன் தம்பி. அது என் ஃபெயிலு. உங்க அண்ணன் சாவைக் காட்டி நான் பாஸாக மாட்டேன்."

அவள் நிகழ்தகவுப் புத்தகத்தை இழுத்துவைத்து, முதல் கணக்கில் பென்சிலை ஊன்றினாள்.