ரொட்டிக் கடைக் கதவுக்கு ஒரு கைப்பிடி

புது ரொட்டிக் கடையின் முன்கதவில் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. மேல் ஓட்டையில் ஒரு சணல் கயிற்றைக் கோத்து உள்பக்கம் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கதவைத் திறக்க வேண்டுமானால் கன்றுக்குட்டியை இழுப்பது போல அதைப் பிடித்து இழுக்க வேண்டும். மாவு மூட்டை இறக்க வந்தவரும், அடுப்பு பொருத்த வந்தவரும் கயிற்றைப் பார்த்தார்கள், கடைக்காரியைப் பார்த்தார்கள், பிறகு மரியாதைக்கு ஒன்றும் சொல்லாமல் இழுத்தார்கள்.

"எங்கண்ணன் கையாலயே கைப்பிடி செஞ்சிட்டு இருக்கான்" என்று கேட்காதவர்களுக்கும் அவள் சொன்னாள்.

கதவு செய்த தச்சர் மட்டும் மரியாதை பார்க்கவில்லை. "உங்கண்ணன் பல் டாக்டர்தானேம்மா? கதவுக்கு என்ன, பல்செட்டா கட்டப் போறாரு?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற அவள் கணவன் சிரித்ததுதான் வினையாகப் போயிற்று. "திங்கக்கிழமை காலையில கடை திறக்கறேன். ஒண்ணு, எங்கண்ணன் செஞ்ச கைப்பிடி இருக்கும். இல்லேன்னா இந்தக் கயித்தோடதான் திறப்பேன்" என்று இரண்டு பேர் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வருவதாகத் தச்சர் சொன்னார். வரும்போது பையில் கடையில் வாங்கிய எவர்சில்வர் கைப்பிடி ஒன்றும் இருக்கும் என்று சிரிக்காமல் சேர்த்துக்கொண்டார்.

இது காதுக்கு எட்டியதிலிருந்து பல் டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் செல்போனில் யாரோ ஒருவன் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கத்தி அடிப்பதைப் பார்த்தார். அன்று பிடித்தது. கார் ஷெட்டிலிருந்து கார் தெருவுக்குப் போனது, அந்த இடத்துக்கு உலை வந்தது. பழைய கேஸ் சிலிண்டர் கூட்டை வெட்டி, உள்ளே வெப்பம் தாங்கும் பஞ்சை ஒட்டி, இரும்புக் குழாயில் பர்னரும் அவரே செய்தார். குழாயின் தலையில் ஒரு சின்னச் செப்பு முனை. அதிலுள்ள மயிரிழை ஓட்டை வழியாகக் கேஸ் சீறி வரும், வரும் வேகத்தில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போய் எரியும். கணக்கு அவ்வளவுதான். அந்த முனை வெல்டிங் சாமான் விற்கும் கடையில் கிடைப்பது. ஒரு பொட்டலத்தில் ஐந்து இருந்தன.

இதுவரை அந்த உலையிலிருந்து வீட்டுக்குக் கிடைத்தவை: சட்டை மாட்டினால் சட்டையோடு கீழே வரும் கொக்கி ஒன்று, எந்தப் பாட்டிலையும் திறக்காத பாட்டில் திறப்பான் ஒன்று, இன்னதென்று யாரும் கேட்கத் துணியாத ஒரு பொருள். மூன்றையும் அவர் மனைவி ஹால் அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்திருந்தாள். விருந்தாளிகள் வந்தால் காட்டுவாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உலையைப் பற்ற வைத்தார். ஷட்டர் முழுக்க மேலே ஏற்றியிருந்தது. மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலடியில் தீயணைக்கும் சிலிண்டரை வைத்துக்கொண்டு, மடியில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவள் பூகோள டீச்சர். தனியாக நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

உலை வாயிலிருந்து மஞ்சள் நாக்கு ஒன்று ஒரு முழம் நீண்டு, சோம்பலாக ஆடியது.

"இது உலையா, இல்ல பிறந்தநாள் மெழுகுவத்தியா?" என்றாள் மனைவி. "ஊதிடட்டுமா?"

"அடைப்பு. முனையில தூசி."

"போன வாரமும் தூசின்னுதான் சொன்னீங்க."

"அது போன வாரத் தூசி."

குழாயில் காற்று விடும் வளையத்தை முழுக்கத் திறந்து பார்த்தார். நாக்கு சற்றுக் குட்டையானது, நிறம் மாறவில்லை. கேஸைக் குறைத்தார். நெருப்பு குழாய்க்குள்ளேயே பின்வாங்கி, 'பொக்' என்று ஏப்பம் விட்டு அணைந்தது. மறுபடி பற்ற வைத்துக் கைப்பிடிக்கான சதுரக் கம்பியை அரை மணி நேரம் உள்ளே வைத்தார். மங்கிய சிவப்புக்கு மேல் அது ஏறவே இல்லை. பட்டடைக் கல்லில் வைத்து அடித்தால் கம்பி மசியவில்லை, அவர் தோள்தான் மசிந்தது.

"கயிறு நல்ல கயிறுதாங்க. வேணும்னா சாயம் போட்டுக் கொடுக்கலாம்" என்றாள் மனைவி, தாளிலிருந்து தலை தூக்காமல்.

அவர் கேஸை மூடினார். ஆறும்வரை காத்திருந்து பர்னரைக் கழற்றினார், செப்பு முனையை எடுத்தார். கிளினிக்கில் போடும் பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய ஊசியை உருவினார். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் ஊசி அது. உடம்பெல்லாம் திருகு திருகாகச் சின்னப் பற்கள் இருக்கும். இருபத்தைந்து வருடமாக ஆயிரக்கணக்கான வாய்களில் அதைத்தான் விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓட்டை என்று ஒன்றைப் பார்த்தாலே அவர் கை அந்த ஊசியைத்தான் தேடும். முனைக்குள் விட்டுச் சுழற்றி இழுத்தார். வெளியே வந்ததும் துடைத்தார். மறுபடி விட்டார்.

மனைவி பேனாவை மூடினாள்.

"ஏங்க, என் கடைவாய்ப்பல்லுல விட்டீங்களே, அந்த ஊசியா?"

"சேச்சே. இது தூக்கிப் போட வேண்டிய பழசு."

"அன்னிக்கு வாய் நிறையப் பஞ்ச வச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

"என்ன கேட்ட? 'ஆவ் ஆவ்'னு என்னமோ சொன்ன."

"ஓட்டை பெரிசாகிட்டே போகுதேன்னு கேட்டேன். நீங்க பதில்கூடச் சொன்னீங்க."

"பெரிசாக்கத்தானேம்மா இந்த ஊசியே..."

அவர் கை அந்தரத்தில் நின்றது. மனைவி மறுபடி பேனாவைத் திறந்து, ஒரு மாணவனுக்கு இரண்டு மார்க் குறைத்தாள்.

டாக்டர் மேஜை டிராயரைத் திறந்து ஊசிகளை வரிசையாக எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் பருமனுக்கு ஏற்ப எண் உண்டு. முனையின் ஓட்டை எண்பதாம் எண் அளவில் இருக்க வேண்டும். எண்பது உள்ளே போய்க் கடகடவென்று ஆடியது. தொண்ணூறும் ஆடியது. நூற்றுப் பத்துதான் பிடித்து நின்றது. மெத்தென்ற செம்பைச் சுத்தம் செய்கிறேன் என்று ஞாயிறுதோறும் ராவி எடுத்திருக்கிறார். ஓட்டை பெரிதாகப் பெரிதாகக் கேஸ் அதிகமாக வந்தது. அதற்கு ஈடாகக் காற்று வரவில்லை. நெருப்பு மஞ்சளாயிற்று. மஞ்சளானதும் அடைப்பு என்று மறுபடி ஊசியை விட்டார். இப்படியே நான்கு முனைகளுக்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தார். அவற்றைக் கிளினிக்கில் நீராவியில் வேறு சுத்தம் செய்து வந்திருந்தார்.

"நாலும் போச்சு" என்றார்.

"அஞ்சாவது?"

"பொட்டலத்துல இருக்கு. இன்னும் தொடல."

"தொடாதீங்க" என்றாள் மனைவி. "நானே எடுத்து மாட்டறேன்."

மாட்டினாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கு, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பற்ற வைத்ததும் சத்தமே வேறாக இருந்தது. இதுவரை கொடியில் காயும் துணி மாதிரி படபடத்துக்கொண்டிருந்த நெருப்பு, இப்போது ஒரே மூச்சாக உறுமியது. காற்று வளையத்தை அகலத் திறந்தார். நெருப்பு கீச்சென்று குழாயை விட்டு விலகி நின்றது. நகக்கண் அளவு மூடினார். நீலமாக, குட்டையாக, வெடவெடப்பில்லாமல் படிந்தது. பத்து நிமிடத்தில் உலையின் உள்சுவர் பழுத்து ஒளிர்ந்தது. கம்பி சிவப்பைத் தாண்டியது, ஆரஞ்சைத் தாண்டியது.

பன்னிரண்டு மணிக்குத் தங்கை போன் செய்தாள். "அண்ணே, என்னதான் ஆச்சு?"

"மஞ்சளாயிடுச்சு!" என்று அவர் உறுமலுக்கு மேலே கத்தினார்.

"ஐயோ, போன வாரமும் மஞ்சள்னுதானே புலம்புன?"

"போன வாரம் நெருப்பு மஞ்சள். அது கெட்டது. இன்னிக்குக் கம்பி மஞ்சள். இது நல்லது!"

"சரி சரி. ரெண்டையும் மாத்தி வச்சிடாத. நாலு மணிக்குத் தச்சர் வந்து நிப்பாரு. வரும்போதே சிரிச்சுக்கிட்டுதான் வருவாரு."

இரண்டு மணிக்குள் கம்பியின் இரண்டு முனைகளும் இலை போலத் தட்டையாகிவிட்டன. திருகாணிக்கு ஓட்டையும் போட்டாயிற்று. ஓட்டைக்கு ஓட்டை சரியாக இருபது சென்டிமீட்டர் வர வேண்டும், கதவில் இருக்கும் அளவு. நடுவில் கை நுழைய லேசாக வளைக்க வேண்டியதுதான் பாக்கி. வளைவுக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்து முன்பே கூட்டி வைத்திருந்தார். வளைத்தார். சரியாக வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி. அந்தக் குரலில் கேலி இல்லை. அதுதான் அவரைக் கெடுத்தது. இரண்டு வருடத்தில் முதல் பாராட்டு. கூட ஒன்று வாங்கிப் பார்க்கத் தோன்றிவிட்டது. நடுப்பகுதியை மறுபடி பழுக்க வைத்து நிமிர்த்தி, இடுக்கியில் கவ்வி, குறட்டால் ஒரு முழுச் சுற்று முறுக்கினார். சதுரக் கம்பி சடை போட்டது போல அழகாகச் சுருண்டது. பழையபடி வளைத்தார். முறுக்கினால் கம்பி சுருங்கும் என்பது, ஆறிய பிறகு அளவுகோலை வைத்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. முறுக்கும் மறு வளைவுமாகச் சேர்ந்து ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டிருந்தன. மணி மூன்றரை.

கடை வாசலில் தச்சர் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். டாக்டர் பழந்துணியைப் பிரித்துக் கைப்பிடியை நீட்டினார். தச்சர் அதை வாங்கி எடை பார்த்தார், திருப்பினார், சடையின் மேல் கட்டை விரலை ஓட்டினார். கயிற்றை உருவிவிட்டுக் கதவில் வைத்தார். மேல் ஓட்டை பொருந்தியது. கீழ் ஓட்டை பிறை நிலா மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது.

தங்கையின் கணவன் சிரிக்கத் தயாராகி, தன் மனைவியின் முகத்தைப் பார்த்துத் தள்ளிப் போட்டான்.

"முறுக்கினது நானே சேர்த்தது" என்றார் டாக்டர். "அதுல குறைஞ்சுடுச்சு."

தச்சர் தங்கையைப் பார்த்தார். "என்னம்மா, எவர்சில்வரா, கயிறா?"

"மூணாவது ஓட்டை" என்றாள் அவள். "போடுங்க."

"புதுக் கதவும்மா."

"என் கதவுதானே? போடுங்கன்னா போடுங்க."

தச்சர் பெருமூச்சு விட்டு ஒரு சென்டிமீட்டர் மேலே துளைத்தார். கைப்பிடியை வைத்து முடுக்கினார். பழைய ஓட்டைக்கு மரத்தூளும் பசையும் குழைத்து ஒரு குச்சியால் அப்ப ஆரம்பித்தார். டாக்டர் பின்னாலிருந்து குனிந்தார். கை தானாகவே நெற்றிக்குப் போய்ப் பூதக்கண்ணாடியைத் தேடியது.

"ஓரத்துல நல்லா அழுத்துங்க. உள்ள காத்து நின்னுதுன்னா ஆறே மாசத்துல கழண்டு வந்துடும்."

"முப்பது வருஷமா அடைக்கறேன், டாக்டரே."

"அடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். நீங்க மேலாக்கப் பூசுறீங்க. ஈரத்த முதல்ல துடைச்சீங்களா?"

தச்சர் திரும்பி அவரை முறைத்தார். பிறகு பசைக் குச்சியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

டாக்டர் கதவின் முன் மண்டியிட்டு அடைத்துக்கொண்டிருந்தபோது, தங்கை அவர் தலைக்கு மேலே கைப்பிடியைப் பிடித்தாள். "அண்ணே, கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிக் கதவை இழுத்தாள். திறந்தது. மூடினாள். மறுபடி இழுத்தாள்.